என் முழங்காலுக்கு நாண் தந்தவர்களுக்கு

கால்பந்து ஆடும்போது முட்டி திருகி முட்டியை உள்ளே பிடித்துவைக்கும் ஏசிஎல் (முன் ஜவ்வு), பிசிஎல் (பின் ஜவ்வு) இரண்டும் அறுந்த நான், அவற்றுக்குப் பதிலாக நாண்களை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வைத்துத் தைத்த பிறகு இப்போது மறுபடியும் ஓடுகிறேன். அதற்குக் காரணமான எல்லோருக்கும் என் நன்றி.

முதலில் டாக்டருக்கு. "இந்த நாணை வைக்கப்போகிறேன்" என்று ஒரே வரியில் நீங்கள் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், எந்த நாணை எடுத்தால் எனக்கு என்ன குறையும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினீர்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாணை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்தால் சீக்கிரம் ஒட்டும், ஆனால் மண்டியிட்டால் வலிக்கலாம். தொடைக்குப் பின்னால் உள்ள ஹாம்ஸ்ட்ரிங் நாணில் அந்தத் தொல்லை குறைவு. பதிலுக்குக் காலை மடக்கும் பலம் கொஞ்சம் போகும், ஒட்டவும் கூடுதல் நாள் பிடிக்கும். நான் கோல்கீப்பர், மண்டியிடாமல் என் பிழைப்பு நடக்காது. அதனால் ஏசிஎல்லுக்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று முடிவானது.

"பிள்ளை காலை ஏன் அறுக்க வேண்டும், இரண்டுக்கும் இறந்த கொடையாளரின் நாணையே வையுங்களேன்" என்று அப்பா கேட்டார். இளவயது விளையாட்டுக்காரர்களின் ஏசிஎல்லில் கொடை நாண் மறுபடி அறுவது அதிகம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். பிசிஎல்லுக்கும் என் காலிலேயே கை வைத்தால் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும் என்பதால், அதற்கு மட்டும் கொடையாளரின் குதிகால் நாண்.

கொடையாகக் கிடைத்த நாண்களைச் சேமித்து வைக்கும் திசு வங்கியில் பேசிய அண்ணனுக்கும் நன்றி. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டாமா என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதற்கு நீங்கள் அலுத்துக்கொள்ளவே இல்லை. உறைய வைத்த நாணுக்கு அந்தப் பொருத்தம் தேவையில்லை, உடலின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் வேண்டாம், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள் முடிந்த பிறகே வெளியே அனுப்புவோம் என்றீர்கள். காமா கதிரை அதிகம் கொடுத்தால் கிருமியோடு நாணின் வலுவும் போகும் என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் பிசியோ அக்கா. வலி போனதும் ஆடத் துடித்தேன். புது நாண் முதல் சில மாதங்களில் வலுவிழந்துதான் பிறகு தேறும், 9 மாதத்துக்கு முன் களத்தில் இறங்கினால் மறுபடி அறுபடும் ஆபத்து கூடும் என்று திட்டித் தீர்த்தீர்கள். அந்தத் திட்டு எனக்குத் தேவைப்பட்டது.

கடைசியாக, பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு. இறந்த ஒரு நாளுக்குள் நாணை எடுத்தாக வேண்டுமாம். அப்படியானால் துக்கத்தின் முதல் நாளிலேயே உங்களிடம் அனுமதி கேட்டிருப்பார்கள். நீங்கள் சரி என்றீர்கள். யார் என்று வங்கி சொல்லாது, சொல்லவும் கூடாது. வங்கி வழியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம், பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் திசுக்கொடைக்குப் பெயர் கொடுத்துவிட்டோம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன்.