லேசிக் தேதி தள்ளிப்போனது பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

இரண்டு வாரமாகக் கடைக்கு வருகிறவர்கள் போனைத் திறந்து ஒரே செய்தியைக் காட்டுகிறார்கள். லேசிக்குக்கு (கண்ணாடி இல்லாமல் பார்க்க லேசரால் செய்கிற கண் ஆபரேஷன்) அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மூன்று தடவை தேதியைத் தள்ளினார்கள், கொரோனா ஒரு சாக்கு, கண்ணாடி விற்கத்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்று தடவை தள்ளியது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றது உண்மை இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலூர் ஆரணி ரோட்டில் இருக்கும் நம் கடையில் பவர் பார்க்கிறோம், கருவிழி ஸ்கேன் எடுக்கிறோம், ஆபரேஷன் முடிந்து வந்தவர்களைக் கவனிக்கிறோம். லேசர் மெஷின் சென்னையில். முதல் தேதி 2020 ஏப்ரலில் இருந்தது. மார்ச் 25-ல் நாடே மூடிவிட்டது. அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவையுங்கள் என்று கண் டாக்டர்களின் சங்கமே சொன்னது. நல்ல கண்ணில், கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்கிற லேசிக் அதில்தான் வரும்.

இரண்டாவது தடவை ஆகஸ்டில். 2019 நவம்பரில் வேலூர் மூன்று மாவட்டமாகப் பிரிந்தபோது நமக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அரசு அனுமதி, அதாவது இ-பாஸ், வேண்டும் என்று வந்த பிறகுதான் ஆம்பூர் ஒரு மாவட்டம், ஆற்காடு ஒரு மாவட்டம் என்று உறைத்தது. இங்கே வரவே பாஸ் தேவைப்பட்டபோது சென்னைக்கு எப்படி அனுப்புவது? மூன்றாவது, 2021 மே மாதம். அது எப்படிப்பட்ட மாதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்தது, அப்புறம் கண்ணையும் தாக்குகிற கருப்புப் பூஞ்சை வந்து கண் டாக்டர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனார்கள்.

லேசர் ஓடுவது சில நிமிடம்தானே, செய்துவிட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் அந்தச் சில நிமிடத்தோடு முடிவதில்லை. கருவிழியின் மேல் மெல்லிய ஏடு மாதிரி ஒரு படலத்தைத் திறந்து, உள்ளே லேசர் அடித்து, மறுபடி மூடுகிறார்கள். மறுநாள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் பார்க்க வேண்டும். படலம் நகர்ந்திருந்தாலோ சீழ் பிடித்தாலோ அன்றைக்கே கை வைக்க வேண்டும். மூன்றாம் நாள் உங்களுக்கு பாசிட்டிவ் என்று வந்து, தனிமையில் படுத்திருந்தால் அந்தக் கண்ணை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் ஒரு தேதியைக்கூடத் தள்ளியிருக்க மாட்டேன்.

எங்களுக்குப் பயமும் இருந்தது, மறைக்கவில்லை. சீனாவின் வூஹானில் கொரோனா பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான லி வென்லியாங் ஒரு கண் டாக்டர். 2020 பிப்ரவரி 7-ல் அந்த நோயிலேயே இறந்தார். கண் பரிசோதனையில் இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, இரண்டு ஓட்டை போட்டு, கண் பரிசோதிக்கிற மெஷினில் மறைப்பாக மாட்டித்தான் கடையைத் திறந்தோம். இன்றும் அது இருக்கிறது.

இனி, என் மனதை அறுக்கிற விஷயம். கண்ணாடி விற்கத்தான் தள்ளினோம் என்பது. காத்திருந்தவர்களில் ஒருவரிடமாவது புது ஃபிரேம் எடுங்கள் என்று சொல்லியிருந்தால் என்னிடம் வந்து நேரில் கேளுங்கள். பழைய கண்ணாடியை எடுத்துவரச் சொன்னோம். திருகு, மூக்குப் பட்டை மாற்றினோம், காசு வாங்கவில்லை. மாஸ்க் போட்டால் கண்ணாடி பனி மூடுகிறது என்றவர்களுக்கு மாஸ்க்கின் மேல் ஓரத்தில் மூக்கின் மேல் டேப் ஒட்டக் காட்டினோம். அதே டேப்பை ஆபரேஷன் அறையிலும் ஒட்டுகிறார்கள், மூச்சு மேலே ஏறி கண்ணுக்குப் போகக்கூடாது என்று. அப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் தேவையில்லாத கண்ணாடியை யாருக்கும் மாட்டியதில்லை.

அந்தச் செய்தியை எழுதிய தங்கச்சியின் கோபம் எனக்குப் புரிகிறது. மைனஸ் ஆறு பவர். காண்டாக்ட் லென்ஸ் போட்டால் கருவிழியின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கும், அதனால் ஸ்கேனுக்கு முன்பே நிறுத்த வேண்டும், சாஃப்ட் லென்ஸ் என்றாலும் ஒன்றிரண்டு வாரம். மூன்று தடவையும் அவர் நிறுத்தினார். மூன்று தடவையும் தடித்த கண்ணாடியும் மாஸ்க்குமாக பஸ்ஸில் வேலைக்குப் போனார். கடைசித் தடவை இரண்டே நாள் முன்னால்தான் சொன்னோம். அது எங்கள் தப்பு. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஒன்றரை வருடத்தில் எத்தனையோ பேர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காமல், "நீங்க சொல்லும்போது வர்றோம் அண்ணே" என்றார்கள். லாட்ஜ்கள் காலியாகி, ஆஸ்பத்திரிக்கு வரும் வடநாட்டுக்காரர்கள் கூட்டமும் நின்றுபோன மாதங்களில் வாடகை கட்ட முடிந்தது உங்களால்தான். குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா சொட்டு மருந்து வாங்க வந்து, எங்கள் பையன்களுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார். இதை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து மறுபடி தேதி கொடுக்கிறோம். பழைய வரிசைப்படிதான். எல்லோருக்கும் ஸ்கேன் புதிதாக எடுக்க வேண்டும். ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்தால்தான் லேசிக் செய்ய முடியும். ஆன்லைன் கிளாஸில் உட்கார்ந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு பவர் ஏறியிருக்கிறது, அவர்கள் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். கொரோனா வந்து குணமானவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்வான்ஸ் வேண்டும் என்பவர்கள் ரசீதோடு வாருங்கள், மூன்று வாரத்தில் முழுத்தொகையும் கொடுத்துவிடுகிறோம்.

லென்ஸ் போடுகிறவர்கள், நாங்கள் போன் செய்து உறுதி சொன்ன பிறகு நிறுத்தினால் போதும்.

அன்புடன்,
உங்கள் கண்ணாடிக் கடைக்காரர்
வேலூர், ஜூலை 2021