செயப்பாட்டு வினை: மாற்றி எழுதும் பயிற்சி மட்டும் போதாது

கனம் ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலச் செயப்பாட்டு வினையை (‘பசிவ் வொய்ஸ்’) நாம் கற்பித்து வரும் முறை குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகின்றேன்.

எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம்மாற்றி, காலத்துக்கேற்ற துணைவினையை இட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்த்து, இறுதியில் ‘பை’ (by) என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதிச் செய்தவரைக் குறிப்பிட வேண்டும் என்னும் சூத்திரத்தை மனனம் செய்த பிள்ளை, கொடுத்த வாக்கியங்களை எல்லாம் பிழையின்றி மாற்றிவிடுகின்றது. ஆனால் கட்டுரை எழுதும்போது அதே வடிவத்தை எங்கே கையாள்வது என்று அதற்குத் தெரிவதில்லை. ‘ரீ இஸ் ட்றங்க் பை மீ’ (தேநீர் என்னால் குடிக்கப்படுகின்றது) என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. நமது பயிற்சிக் கொப்பிகளிலோ இத்தகைய வாக்கியங்களே நிறைந்துள்ளன.

‘மாட்டைப் பாம்பு கடித்துவிட்டது’ என்று தமிழில் நாம் இயல்பாகச் சொல்கின்றோம். கடிபட்டது எது என்பதை ‘ஐ’ உருபு காட்டிவிடுவதால், மாட்டை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்க வினையை மாற்றத் தேவையில்லை. பெயர்ச்சொற்களுக்கு அத்தகைய உருபு இல்லாத ஆங்கிலத்தில் மாட்டை முன்னே நகர்த்தினால், மாடு பாம்பைக் கடித்ததாகப் பொருள் மாறிவிடும். அதனாலேயே அம்மொழிக்குச் செயப்பாட்டு வினை இன்றியமையாததாகின்றது. இக்காரணத்தை விளக்கிய பின்னரே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி ஒரு சிறு பந்தியை எழுதச் செய்வோம். அது 1628 இல் போர்த்துக்கேயரால் கட்டப்பட்டது. 1638 இல் ஒல்லாந்தரால் கைப்பற்றப்பட்டது. பந்தி முழுவதும் கோட்டையைப் பற்றியதாக இருப்பதால் கோட்டையே எழுவாயாக நிற்கின்றது. ஆட்சியாளர் மாறியதைச் சொல்ல ‘பை’ உண்மையாகவே தேவைப்படுகின்றது. அடுத்து, அம்பாறை வயல்களில் விளையும் நெல் அவிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, ஆலையில் குற்றப்படுவதை எழுதச் செய்தால், அங்கே ‘பை’ ஒரு தடவையேனும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலான செயப்பாட்டு வாக்கியங்கள் செய்தவரைக் குறிப்பிடாதவையே. கரைசல் சூடாக்கப்பட்டது என்று ஆய்வுகூடக் குறிப்பெழுத, நாளை வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்கப்போகும் பிள்ளைக்கு வேண்டியதும் இவ்வடிவமே.

இன்னொரு பிழையையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். ‘அன் அக்சிடன்ற் வோஸ் ஹப்பின்ட்’ என்று பலர் எழுதுகின்றனர். ‘விபத்து ஏற்பட்டது’ என்பதிலுள்ள ‘பட்டது’ பிள்ளையை வழிதவறச் செய்கின்றது என்றே கருதுகின்றேன். ஏற்படு, ஆசைப்படு, வெட்கப்படு முதலியவை ‘படு’ என முடிந்தாலும் செயப்பாட்டு வினைகள் அல்ல என்பதையும், செயப்படுபொருளை ஏற்காத ஆங்கில வினைகளுக்குச் செயப்பாட்டு வடிவமே இல்லை என்பதையும் தமிழ்ப் பாடத்தோடு இணைத்துக் கற்பித்தால் இப்பிழை பெரிதும் குறையும்.

தனியார் வகுப்புகள் சிலவற்றில் எல்லாக் காலங்களுக்குமான அட்டவணையும் ஒரே நாளில் ஒப்புவிக்கப்படுகின்றது. சாதாரண நிகழ்காலமும் சாதாரண இறந்தகாலமும் நன்கு பதிந்த பின் ஏனையவற்றுக்குச் செல்வதே பொருத்தமானது.

எனவே, வலயக் கல்வி அலுவலகங்களின் ஆங்கில ஆசிரிய ஆலோசகர்கள், தவணைப் பரீட்சை வினாத்தாள்களில் மாற்றி எழுதும் வினாக்களைக் குறைத்து, ஒரு பந்தியில் செய்வினை எது, செயப்பாட்டு வினை எது பொருந்தும் என்று மாணவர் தாமே தீர்மானிக்கும் வினாக்களைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.