பின்னணியில் எதைத் தொடலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்

புகைப்படப் போட்டி நடத்தும் சங்கங்கள், கேமரா கிளப்புகள், கல்லூரிகள் எல்லோருக்கும்,

வணக்கம். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினம் நெருங்கினாலே போட்டி அறிவிப்புகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். விதிகளுக்கு நடுவே ஒரு வரி பெரும்பாலும் தவறாமல் இருக்கும்: குறைந்தபட்ச எடிட்டிங் மட்டும் அனுமதி. அந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு என்றுதான் யாரும் சொல்வதில்லை. கலர், கான்ட்ராஸ்ட் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, சண்டை எல்லாம் பின்னணியில்தான் வருகிறது. கோபுரத்துக்குக் குறுக்கே ஓடும் கேபிள் வயரை அழித்தால் அது குறைந்தபட்சமா? ஜல்லிக்கட்டுப் படத்தில் காளைக்குப் பின்னால் தெரியும் விளம்பர பேனரை மங்கலாக்கினால்? ஒருவர் அழித்துவிட்டு அனுப்புகிறார், இன்னொருவர் விதிக்குப் பயந்து வயரோடு அனுப்புகிறார், நடுவர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எது சுத்தமாக இருக்கிறதோ அதற்குப் பரிசு கொடுத்துவிடுகிறார். பயந்தவர் தோற்றுப்போகிறார். என் புகார் இதுதான்.

எவ்வளவு என்று அளக்கப் போனால் இது தீரவே தீராது. 2010இல் செய்திப் படங்களுக்கான சர்வதேசப் போட்டியான வேர்ல்டு பிரஸ் போட்டோவில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டெபான் ரூடிக் என்பவர் கீவ் நகரத் தெருச்சண்டைக்காரர்களைப் பற்றி எடுத்த படத்தொகுப்புக்கு விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு கிடைத்து, பிறகு அது பறிக்கப்பட்டது. அதில் ஒரு படம், கையில் கட்டுப் போட்டுக்கொள்ளும் காட்சி. அசல் கலர் படம், நிறைய இடம் விட்டு எடுத்தது. அவர் அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் கிராப் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, பழைய ஃபிலிமில் வரும் பொடிப் புள்ளிகள் மாதிரி கிரெய்ன் சேர்த்து, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். அசலையும் இதையும் பக்கத்தில் வைத்தால் ஒரே படம் என்று சொல்லவே நேரம் பிடிக்கும். ஆனால் தகுதி போனது அதற்காக இல்லை. கைக்குப் பின்னால் துளியூண்டு தெரிந்த இன்னொருவருடைய பாதத்தை அழித்தார், அதற்காகத்தான். படத்தின் பெரும்பகுதியை வெட்டி எறிந்தவனை விட்டுவிட்டு ஒரு பாதத்துக்குப் போய் பரிசைப் பறிப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. கிராப் என்பது சட்டகத்தை எங்கே முடிப்பது என்ற தீர்மானம், கிளிக் செய்யும்போது எடுப்பதையே கொஞ்சம் தாமதமாக எடுக்கிறோம், அவ்வளவுதான். சட்டகத்துக்குள் இருந்ததை இல்லையென்று காட்டுவது வேறு சமாச்சாரம்.

அதே போட்டியின் விதிகள் பிற்பாடு இன்னும் தெளிவாயின. பொருளையோ ஆளையோ சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதோடு நிறுத்தாமல், பின்னணியில் இருப்பவர்களோ பொருள்களோ மறைந்துபோகும் அளவுக்கு இருட்டாக்கவும் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சென்சாரில் படிந்த தூசியை எடுக்கலாம். நம்முடைய விதிகளில் உள்ள ஓட்டை இந்த இருட்டு விஷயம்தான். எரேசரைத் தொடாமல், நிழல் பகுதிகளை இருட்டாக்கும் ஷேடோ ஸ்லைடரை இழுத்தே பின்னால் நிற்கும் நான்கு பேரைக் காணாமல் அடித்துவிடலாம். கேட்டால் லைட்டிங் சரிசெய்தேன் என்பார்கள்.

இயற்கைப் பிரிவுக்கு நீங்கள் புதிதாக மூளையைக் கசக்கவே வேண்டாம். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து ஒரு பொது வரையறை வைத்திருக்கின்றன. கிராப் தவிர வேறு வழியில் எதையும் சேர்க்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, நீக்கக் கூடாது. தூசி, நாய்ஸ் என்கிற பொடிப் புள்ளிகள் மாதிரி கேமராவே சேர்த்த குப்பையை எடுக்கலாம். ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் பரவாயில்லை. வேடந்தாங்கல் நாரைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி அங்கேயேதான் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் இரண்டடி நகர்ந்து எடுக்க வேண்டும், அல்லது நாரை பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னணியைச் சுத்தமாகக் கொண்டுவருவதுதானே இந்தத் தொழிலில் பாதி வேலை? தரையோடு தரையாகப் படுத்து, பின்னணி மங்க லென்ஸின் அபெர்ச்சரைத் திறந்து வைத்து, வெயில் சாயக் காத்திருந்தவனையும், வீட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்து லாசோ கருவியால் பின்னணியை வெட்டி எடுத்தவனையும் ஒரே மதிப்பெண் தாளில் திருத்தினால் எப்படி?

கிளிக்குக்கு முன்னால் நடப்பதையும் விதியில் சேருங்கள். பூச்சிக்குப் பின்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து எடுக்கும் மேக்ரோ படத்தில் ஃபோட்டோஷாப் துளியும் இருக்காது, ஆனால் பின்னணி பொய்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படம் ஞாபகம் இருக்கலாம், இரவில் வேலி தாண்டும் ஓநாய். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து அடுத்த ஜனவரியில் பரிசை ரத்து செய்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். எடிட்டிங்கை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் இந்த மாதிரி விஷயங்கள் சிக்காது. அட்டை வைத்தீர்களா, இரை வைத்தீர்களா, கூண்டிலா காட்டிலா என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். பொய் சொன்னால் வெளியே அனுப்ப அதுவே போதும்.

"செய்திப் படத்துக்கு உள்ள விதியை எங்கள் ஊர்ப் போட்டிக்குப் போடுவதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எல்லாப் பிரிவுக்கும் போடச் சொல்லவில்லை. கிரியேட்டிவ் என்று ஒரு பிரிவு வையுங்கள், அங்கே வானத்தை மாற்றட்டும், மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு மேல் பால்வெளியை ஒட்டட்டும், நானே ரசித்துப் பார்ப்பேன். போர்ட்ரெய்ட்டில் பின்னணி மாற்றுவது ஸ்டுடியோக்காரர்கள் திரைச்சீலை காலத்திலிருந்து செய்வது, அதில் எனக்கு வழக்கே இல்லை. தெரு, பயணம், திருவிழா, பாரம்பரியம், காட்டுயிர் என்று பெயர் வைத்த பிரிவுகளில் மட்டும் இருந்தது இருந்தபடி இருக்கட்டும், கேபிள் வயர் உட்பட. அந்தத் தெருவில் வயர் ஓடியது என்பதும் படத்தில் பதிவாக வேண்டிய விஷயம்தான்.

இதை முன்னைவிட இப்போது அவசரமாகக் கேட்கக் காரணம் உண்டு. ஃபோட்டோஷாப்பில் வானத்தை ஒரே கிளிக்கில் மாற்றும் வசதி 2020இல் வந்தது, அழித்த இடத்தை ஏஐ தானே நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் 2023இல் வந்தது. வயரை அழிக்க முன்பெல்லாம் பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டும் க்ளோன் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு மெனக்கெட வேண்டும், கவனமாகப் பார்த்தால் தடமும் தெரியும். இப்போது பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால் இறுதிச் சுற்றுக்கு வரும் எல்லோரிடமும் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்தபடியே உள்ள அசல் ஃபைல், வாங்குங்கள், புகார் வந்த பிறகு அல்ல, முடிவு அறிவிப்பதற்கு முன்னால். ரா இல்லையென்றால் கேமராவிலிருந்து வந்த ஜேபெக், அதோடு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஃபிரேம். 2016இல் சிங்கப்பூரில் ஒரு பிரபல கேமரா நிறுவனம், ஏணிக்கு நடுவே விமானம் ஒட்டிய படத்துக்குப் பரிசு கொடுத்துவிட்டு, இணையத்தில் எல்லோரும் கண்டுபிடித்துச் சிரித்த பிறகு மன்னிப்புக் கேட்டது. அசல் ஃபைலை முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் அந்த மானக்கேடு வந்திருக்காது.

அப்புறம் மொபைல் பிரிவு. போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் லென்ஸ் செய்தது இல்லை, போன் கணக்குப் போட்டுச் செய்தது. எடுப்பவர் எதையும் எடிட் செய்யாமலேயே பின்னணி எடிட் ஆகிவிடுகிறது. அதை அனுமதிக்கலாம் என்பது என் கட்சி, ஏனென்றால் அங்கே இருந்த பொருள் அங்கேயே இருக்கிறது, தெளிவு மட்டும்தான் குறைகிறது. அதே போனில் உள்ள எரேசரை அனுமதிக்கக் கூடாது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தாலும் சரி, கட்டுப்படுகிறேன், ஆனால் அது கட்டணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருக்க வேண்டும். யாராவது சந்தேகம் கேட்டு மெயில் போட்டால், பதிலை அவருக்கு மட்டும் அனுப்பாமல் விதிகளுக்குக் கீழேயே சேர்த்துவிடுங்கள்.