பாடியவர் யாருக்கும் பாக்கி இல்லை: எங்கள் புளூஸ் சங்கத்தின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் புளூஸ் இசைச் சங்கத்தின் இரண்டாம் ஆண்டுக் கணக்கு சென்ற வாரம் முடிக்கப்பட்டது. செலவு போகக் கையில் நிற்கும் தொகை மிகச் சிறியது. ஆனால் அந்தக் கணக்கின் கடைசிப் பக்கத்தில், பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதும் இல்லை என்று எங்கள் பொருளாளர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அந்த ஒரு வரியைப் படித்த பிறகே இந்த மடலை எழுதும் துணிவு எனக்கு வந்தது. உறுப்பினர்கள் அனைவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது. இருப்பினும், அமெரிக்காவின் கறுப்பின மக்கள் உருவாக்கிய இந்த இசைக்காக எங்கள் பகுதியில் ஒரு சங்கம் அமைந்தபோது, அதன் காகித வேலையில் பாதியையும் நாற்காலி தூக்கும் வேலையில் பெரும்பகுதியையும் ஏற்றுக்கொண்டவர்கள் இங்குள்ள தமிழ் நண்பர்கள் என்பதால், அவர்களும் படிக்கும்படி தமிழில் ஒரு மடல் எழுதுவது செயலாளன் என்ற முறையில் என் கடமை.

முதல் நன்றி, எங்கள் முதல் கூட்டத்தைவிட்டு எழுந்து போக இருந்த ஒரு மூதாட்டிக்கு. பொது நூலகத்தின் சிறிய அறையில் ஏழு பேர் கூடியிருந்தோம். சங்கத்தின் சின்னம் எப்படி இருக்க வேண்டும், கோடை விழாவை எங்கே நடத்தலாம், சட்டையில் என்ன நிறம் அச்சிடலாம் என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசி முடித்தபோது, இளமையில் மிசிசிப்பியிலிருந்து வந்து ஐம்பது ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் அந்த அம்மையார், பாடுகிறவர்களுக்கு எவ்வளவு கொடுப்பதாக உத்தேசம் என்று கேட்டார். சங்கம் வளரும்வரை கலைஞர்கள் அன்பளிப்பாக வந்து வாசிப்பார்கள் என்று நான்தான் பதில் சொன்னேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு என்ன தோன்றியதோ, கதவருகே நின்று பெஸ்ஸி ஸ்மித்தைப் பற்றிச் சொன்னார். 1920களில் இசைத்தட்டுகள் பெருமளவில் விற்ற அந்தப் பாடகிக்குப் பதிவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுக்கப்பட்டதே தவிர, விற்பனையில் பங்கு கிடைக்கவில்லை. 1937இல் மிசிசிப்பியில் நேர்ந்த கார் விபத்தில் அவர் இறந்த பின், அவருடைய கல்லறையில் 1970 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லை. பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்த ஹுவானிட்டா கிரீனும் செலவைப் பகிர்ந்துகொண்டு அந்தக் கல்லை நாட்டினார்கள். “எங்களுக்குக் கல் வேண்டாம், அன்றன்று கொடுத்துவிடுங்கள்” என்றார் அம்மையார். அன்றே சின்னமும் சட்டையும் ஒத்திவைக்கப்பட்டன. மேடையேறும் எவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது சங்கத்தின் முதல் தீர்மானமாக எழுதப்பட்டது. இதற்குப் பிறகு வந்த எல்லா நல்ல முடிவுகளும் அந்தத் தீர்மானத்தின் பிள்ளைகளே.

தீர்மானம் எழுதுவது எளிது, அதற்குப் பணம் சேர்ப்பதற்குச் சட்டத்தின் துணை தேவை. நன்கொடை கொடுப்பவர் வரிவிலக்குப் பெற வேண்டுமானால், சங்கம் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டு, பின்னர் அமெரிக்கக் கூட்டரசு வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம், அறப்பணி அமைப்புகளுக்கு உரிய 501 (சி) (3) தகுதி பெற வேண்டும். இந்த வேலையைக் கட்டணமின்றிச் செய்து கொடுத்த வழக்கறிஞர் நண்பருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. பதிவுப் பத்திரத்தில் நான் எழுதிச் சென்ற நோக்கம், ‘நல்ல புளூஸ் நிகழ்ச்சிகளை நடத்துவது’ என்ற ஒற்றை வரி. அதைப் படித்துச் சிரித்துவிட்டு, மதுக்கூடம் நடத்துபவரும் இதையேதான் செய்கிறார், அவருக்கு வரிவிலக்கு உண்டா என்று அவர் கேட்டார். கல்வி நோக்கத்தைச் சேர்த்ததும், சங்கம் ஒருநாள் கலைக்கப்பட்டால் அதன் சொத்து யார் வீட்டுக்கும் போகாமல் இதே போன்ற அறப்பணிக்கே போக வேண்டும் என்ற பிரிவை எழுதியதும் அவரே. இயக்குநர் குழுவில் இருவர் கிட்டார் வாசிப்பவர்கள் என்பதால், அவர்களை மேடைக்கு அழைப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர்கள் அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்ற விதியும் அவருடையதுதான். அவ்விருவரும் நடைவழியில் நின்றபடி புதிய பாடல்களைப் பழகிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

விண்ணப்பத்தில் ஒரு விவாதம் எழுந்தது. முழு நீளப் படிவமான 1023க்குக் கட்டணம் 600 டாலர், சுருக்கப் படிவத்துக்கு 275 டாலர். முழுப் படிவம் கொடுத்தால்தான் மதிப்பு என்று சிலர் வாதிட்டார்கள். ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாது என்று அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் எதிர்பார்க்கப்படும், சொத்தும் குறைவாக உள்ள சிறிய அமைப்புகளுக்காகவே சுருக்கப் படிவம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்த வரம்புக்கு மிகவும் கீழே இருந்தோம். மிச்சமாகும் 325 டாலர், மூவர் குழு ஒன்றுக்கு ஓர் இரவுச் சம்பளம் என்று எங்கள் பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டியதும் விவாதம் முடிந்தது.

அந்தப் பொருளாளரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தமிழ்ச் சங்கத்தின் கணக்கைப் பார்த்தவர், எல்லோருக்கும் அவர் அக்கா. பொங்கல் விழாவுக்கு இலை வாங்கிய ரசீதைக்கூடத் தொலைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். புளூஸ் என்றால் ஒப்பாரி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத்தான் அவர் முதல் நிகழ்ச்சிக்கு வந்தார். (இது நம்மவர் பலருக்கும் உள்ள எண்ணம். துயரம் அதில் உண்டு. ஆனால் வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர்கள் சனிக்கிழமை இரவில் ஆடுவதற்கும் அதே இசைதான் இருந்தது.) அன்று நிகழ்ச்சி முடிந்ததும், வாசலில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்த பணத்தை நாங்கள் இருவர் தனித்தனியே எண்ணி இரண்டு வெவ்வேறு தொகைகள் சொன்னதைக் கண்டு, வாளியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அது இன்றுவரை அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

அக்கா எங்களைக் காப்பாற்றிய ஒரு சந்தர்ப்பத்தை மறைக்காமல் சொல்கிறேன், ஏனெனில் பிழை என்னுடையது. முதல் நிதி திரட்டும் விருந்துக்கு நுழைவுச்சீட்டு 100 டாலர். கொடுத்தவர்கள் அனைவருக்கும், முழுத் தொகையும் வரிவிலக்குக்கு உரியது என்று நான் நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டேன். சாப்பாடும் கச்சேரியுமாக அவர்கள் திரும்பப் பெற்றதன் மதிப்பு 60 டாலர். ஆகவே 40 டாலரை மட்டுமே நன்கொடையாகக் கணக்கில் காட்ட முடியும். மேலும், இப்படிப் பொருளோ சேவையோ பெற்றுக்கொண்டு கொடுக்கும் தொகை 75 டாலரைத் தாண்டும்போது அந்த மதிப்பை எழுத்தில் தெரிவிப்பது சங்கத்தின் கடமை. அக்கா என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் மாலை கடித உறைகளோடு வீட்டுக்கு வந்து, திருத்திய கடிதங்களில் என்னிடம் கையெழுத்து வாங்கி, தபால்தலையை என் செலவில் ஒட்ட வைத்தார். அந்தத் திருத்தத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்ட நன்கொடையாளர்கள் ஒவ்வொருவருக்கும் மன்னிப்புடன் கூடிய நன்றி. அவர்களில் எவரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, இருவர் மட்டும் மீண்டும் ஒருமுறை கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை இரவுகளில் தம் மதுக்கூடத்தின் பின்கூடத்தை வாடகையின்றித் தந்த உரிமையாளருக்கு நன்றி. திங்கள் இரவில் யாரும் வரமாட்டார்கள், காலியாகக் கிடப்பதற்குப் பாட்டாவது கேட்கட்டும் என்றுதான் அவர் தொடங்கினார். இப்போது அந்த இரவில் அவருக்கு விற்பனை இருக்கிறது என்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. பாடலாசிரியர்களுக்கு உரிய ராயல்டியை வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளின் உரிமத்தை அவரே வைத்திருந்ததால் அந்தச் செலவும் எங்கள் தலையில் விழவில்லை. பூங்காவில் கோடைக் கச்சேரி நடத்தியபோது மட்டும் அந்தக் கட்டணத்தை நாங்கள் கட்டினோம். எழுதியவருக்குப் போகும் பணம் அது என்பதால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கூடத்தில் கருவிகள் ஏதும் இல்லை. தம் மகன் கல்லூரிக்குப் போன பிறகு தூசி படிந்து கிடந்த டிரம்ஸ் தொகுப்பைக் கொடுத்த குடும்பத்துக்கும், பழுதடைந்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து வால்வு மாற்றிக் கொடுத்த ஓய்வுபெற்ற மின்பொறியாளருக்கும், மைக் ஒலியைச் சரிசெய்ய மாதந்தோறும் நெடுந்தொலைவு வண்டியோட்டி வரும் ஒலிப்பொறியாளர் பெண்மணிக்கும் நன்றி. அவருக்கும் சம்பளம் உண்டு. மேடையின் முன்னே நிற்பவருக்கு மட்டும்தான் ஊதியம் என்று எங்கள் தீர்மானத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்பதை அவரே சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி.

கல்வி நோக்கம் என்று பத்திரத்தில் எழுதிய சொல்லைச் சொல்லாகவே விட்டுவிடாமல் செயலாக்கியவர் ஒரு நடுநிலைப் பள்ளியின் இசை ஆசிரியை. மாதம் ஒரு பிற்பகல் தம் வகுப்பை எங்களுக்குத் தந்தார். பன்னிரண்டு தாள அளவுகளில் மூன்று அடிகள். முதல் அடியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாம் அடியில் அதற்குப் பதிலோ திருப்பமோ தர வேண்டும் என்ற புளூஸ் அமைப்பைப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பூட்டிய கழிப்பறை, தாமதமாக வரும் பேருந்து, காணாமல் போன பூனை என்று அவர்கள் எழுதியவற்றை மூதாட்டி தம் குரலில் பாடிக் காட்டியபோது, வகுப்பின் கடைசி வரிசையில் எப்போதும் தலைகவிழ்ந்திருப்பான் என்று சொல்லப்பட்ட பையன் தன் பூனைப் பாட்டை மூன்று முறை பாடச் சொன்னான். அவன் பாட்டியிடமிருந்து பிறகு 5 டாலர் காசோலை வந்தது. எங்கள் பதிவேட்டில் உள்ள மிகச் சிறிய காசோலை அதுதான்.

மெம்ஃபிஸ் நகரில் 1980இல் நிறுவப்பட்ட புளூஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, தன்னோடு இணைந்த சங்கங்கள் உள்ளூரில் தேர்ந்தெடுக்கும் கலைஞர்களை அழைத்து அங்கேயே ஒரு பன்னாட்டுப் போட்டி நடத்துகிறது. சென்ற ஆண்டு நாங்களும் உள்ளூர்ப் போட்டி வைத்தோம். வென்ற இருவரை அனுப்பப் பணம் போதவில்லை. வண்டி எண்ணெய்க்கு ஒருவர், தங்கும் அறைக்கு ஒருவர், விடுப்பு எடுப்பதால் இழக்கும் கூலிக்கு ஒருவர் என்று உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இழக்கும் கூலியையும் செலவாகக் கருத வேண்டும் என்று நினைத்த அந்த மூன்றாமவருக்கு என் தனி வணக்கம். எங்களவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. மெம்ஃபிஸில் புளூஸுக்குப் பெயர்பெற்ற பீல் தெருவில் வாசித்துவிட்டு வந்தோம் என்று இருவரும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

திங்கள்தோறும் நள்ளிரவு தாண்டி வீடு திரும்புபவனைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கு நன்றி சொன்னால் அவர் சிரிப்பார். ஆகையால் அதை வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒருவர். சென்ற டிசம்பர் நிகழ்ச்சியின் வாளியில், பெயர் எழுதாத ஓர் உறையில், நாற்பது ஒரு டாலர் தாள்கள் சீராக அடுக்கப்பட்டு, ‘டிரம்ஸ் வாசிப்பவருக்கு’ என்ற குறிப்போடு கிடந்தன. பணம் அன்றே அவரிடம் சேர்ந்துவிட்டது. பெயர் தெரியாதவருக்கு ரசீது எப்படி எழுதுவது என்று அக்காவிடம் கேட்டும், அவர் ரசீதுப் புத்தகத்தில் தொகையையும் தேதியையும் நிரப்பி, பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறார். கொடுத்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், எந்தத் திங்கட்கிழமையும் வாளியருகே அமர்ந்திருக்கும் அவரிடம் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
செயலாளர்