மவுஸோடு கீபோர்டும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கணினி வகுப்புகள் பெரும்பாலும் மவுஸைப் பிடிப்பதில் தொடங்கி மவுஸோடே முடிந்துவிடுகின்றன. மெனுக்களைக் கீபோர்டால் இயக்குவதையும் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்று, கணினி கற்பிக்கும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த ஊர்க் குளிருக்கு அது மிகவும் தேவை. கம்பளிக் கையுறையோடு தொட்டால் லேப்டாப்பின் டச்பேடு வேலை செய்யாது. குளிரில் பேட்டரி வலுவிழப்பதால் வயர்லெஸ் மவுஸ் காலையில் மக்கர் செய்யும். மூடுபனி நாட்களில் மவுஸின் அடியிலுள்ள லென்ஸில் ஈரம் படிந்தால் திரையில் அம்புக்குறி துள்ளும். உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடி மேசையாக இருந்தால் அடியில் வெள்ளைத்தாள் விரித்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டி விட்டால் மெனுவில் சில எழுத்துகள் அடிக்கோட்டுடன் தெரியும். அந்த எழுத்தை அழுத்தினால் மெனு திறக்கும். ஆஃபீஸ் போன்ற மென்பொருள்களில் ஆல்டைத் தட்டியதும் சிறு கட்டங்களில் எழுத்துகள் தோன்றும்; அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும், சேர்த்து அழுத்தக் கூடாது. வலது கிளிக்குக்குப் பதில் ஷிப்ட்டோடு எஃப் 10.

துணை மெனுவில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அம்பு அடையாளம் உள்ள வரியில் மவுஸை வைத்தால் பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரியும். அதை நோக்கிக் குறுக்காகப் போனால் வழியில் வேறு வரியைத் தொட்டு, விரிந்தது மூடிக்கொள்ளும். வரியின் மேலேயே நேராக வலப்பக்கம் நகர்ந்து, பிறகு இறங்க வேண்டும். கை நடுங்கும் முதியவர்களுக்கு இது பெரும்பாடு. வலது அம்பு விசை துணை மெனுவைத் திறக்கும், இடது அம்பு மூடும், எஸ்கேப் ஒரு படி பின்னால் கொண்டுவரும். வரியின் முடிவில் மூன்று புள்ளி இருந்தால் அடுத்து ஒரு கேள்விப் பெட்டி வரும் என்று பொருள். அதைத் தெரிந்துகொண்டவர்கள் தைரியமாக அழுத்துவார்கள்.

இன்னொரு தவறு விண்ணப்பத்தையே வேறு ஊருக்கு அனுப்பிவிடும். விண்ணப்பத்தில் வட்டத்தை (தாலுகாவை) தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெட்டியில் குன்னூரைத் தேர்ந்தெடுத்த கையோடு, பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டுகிறார்கள். பல மென்பொருள்களில் அப்போதும் அந்தப் பெட்டிதான் இயக்கத்தில் இருக்கும். பக்கம் நகராமல் தேர்வு மாறிவிடும். ஆங்கில அகர வரிசையில் குன்னூருக்கு அடுத்தது கூடலூர். தேர்வு செய்ததும் டேப் விசையை அழுத்தி வெளியே வந்துவிட்டு உருட்டினால் இது நேராது. குந்தா வேண்டுமென்றால் பெட்டியில் நின்றபடி கே, யு என்ற ஆங்கில எழுத்துகளை வேகமாகத் தட்டினாலே போதும். ஒரே ஒரு கே தட்டினால் கோத்தகிரியில் நின்றுவிடும்.

கடைகளில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகியவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போக என்டர் அழுத்துவார்கள். டேலியில் அது சரியான வழி. இணையப் படிவத்தில் என்டர் அழுத்தினால், பாதி நிரப்பியதைச் சமர்ப்பிக்கப் பார்க்கும். அங்கே டேப் முன்னே போகும், ஷிப்ட்டோடு டேப் பின்னே வரும், ஸ்பேஸ் பார் டிக் போடும். இந்த வேறுபாட்டை எந்த வகுப்பிலும் தனியாகச் சொல்வதாகத் தெரியவில்லை என்பது எங்களுக்கு வருத்தம்.

பொத்தான்களுக்கும் மெனுக்களுக்கும் ஒரு கிளிக் போதும். இரட்டைக் கிளிக் கோப்புகளுக்குத்தான். அதையும் மெதுவாகச் செய்தால் கோப்பின் பெயரை மாற்றும் பெட்டி திறந்துகொள்ளும். உடனே எஸ்கேப் அழுத்திவிட்டு, கோப்பின் மேல் நின்று என்டர் தட்டலாம்.

பார்வையற்ற மாணவர்கள் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு கீபோர்டால்தான் முழு வேலையும் செய்கிறார்கள். மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விசைகளே மவுஸாகிவிடும்: 8, 2, 4, 6 நகர்த்தும், 5 கிளிக் செய்யும். இதற்குத் தனி எண்பலகை உள்ள கீபோர்டு வேண்டும். ஆகவே, பயிற்சி மையங்களுக்குக் கணினி வாங்கும்போது எண்பலகையுள்ள, வயர் இணைப்புக் கீபோர்டுகளையே வாங்குமாறும், இரண்டு வகுப்புகளையாவது மவுஸைக் கழற்றி வைத்து நடத்துமாறும் பொறுப்பாளர்களை வேண்டுகிறோம்.

கணினிப் பயிற்றுநர்கள்,
குன்னூர்.