பாலைவனத்துக்கு நெருப்பு பழக்கமில்லை: பீனிக்ஸ் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட், ஸ்காட்ஸ்டேல் வட்டாரத்தில் வார இறுதியானால் மலையேறக் கிளம்பும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைக்காக எழுதுகிறேன். ஏப்ரல் பிறந்ததிலிருந்து பருவமழை நன்றாக இறங்கும் வரை, நம் குழு எதுவும் காட்டுக்குள் நெருப்பு மூட்ட வேண்டாம். அரசு தடை போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி. கேம்ப்ஃபயர், கரி அடுப்பு, பிறந்தநாள் வாணம், எதுவுமே வேண்டாம்.

தடை வந்த பிறகு நிறுத்தினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். டூசானுக்குத் தெற்கே, சாண்டா ரீட்டா மலையடிவாரத்தில் 2017இல் நடந்ததை அவர்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்க, வெடிக்கும் இலக்கு ஒன்றை வைத்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். அதன் காணொளி பின்னர் வெளியானது. நீலப் பொடி மேலே எழும்புகிறது, அடுத்த நொடியே சுற்றியுள்ள காய்ந்த புல் பற்றிக்கொள்கிறது. கிட்டத்தட்ட 47,000 ஏக்கர் எரிந்தது. இழப்பு 80 லட்சம் டாலருக்கு மேல். அன்று தேதி ஏப்ரல் 23. கோடை வெயில் இன்னும் ஏறவே இல்லை.

பாலைவனத்தில் எரிய என்ன இருக்கிறது, வெறும் கல்லும் கள்ளியும்தானே என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு காலத்தில் அது ஓரளவு சரிதான். சொனோரா பாலைவனத்தில் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே வெறும் தரை கிடக்கும். மின்னல் விழுந்து ஒரு மரம் எரிந்தாலும் தீ அங்கேயே அடங்கிவிடும். அதனால் இங்குள்ள செடிகொடிகள் தீயைத் தாங்கும் வழியைக் கற்றுக்கொள்ளவே இல்லை. இப்போது அந்த இடைவெளியை வெளியிலிருந்து வந்த புற்கள் நிரப்பிவிட்டன. குளிர்கால மழை நன்றாகப் பெய்தால் பிப்ரவரி, மார்ச்சில் சரிவெல்லாம் பச்சையாகிவிடும். நாம் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கும் பாப்பிப் பூக்காலம் அதுதான். அதே சரிவு மே மாதம் காய்ந்து பொறிக்குக் காத்திருக்கும். 2019இல் மலையெங்கும் பூத்துக் குலுங்கியது. அந்த ஜூன் மாதம் சூப்பர்ஸ்டிஷன் மலையில் மனிதரால் மூண்ட வுட்பரி தீ 1,23,000 ஏக்கருக்கு மேல் தின்றது.

இந்தப் புற்களில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. இங்கே பஃபல் புல் என்று திட்டித் தீர்க்கிறார்களே, அது நம் ஊர் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் மாடு மேய்வது இதில்தான். அங்கே மாடு மேய்ந்து மேய்ந்து அது கட்டுக்குள் இருக்கிறது. ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை இயல்பாக வளரும் இந்தப் புல்லை, தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் என்று போன நூற்றாண்டில் அமெரிக்கர்களே இங்கு கொண்டுவந்து விதைத்தார்கள். மேய ஆளில்லாத பாறைச் சரிவுகளில் அது அடர்த்தியாகப் படர்கிறது. எரிந்த பிறகு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. பக்கத்தில் மரம்போல் உயர்ந்து நிற்கும் சவாரோ கள்ளி துளிர்ப்பதில்லை.

சவாரோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் கிளை விட அதற்கு ஐம்பது, எழுபது வருஷம் ஆகிறது. சில இடங்களில் நூறுகூட ஆகும். பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில்தான் குஞ்சாக முளைக்கிறது, எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தால் அதிகம். ஜூன் கடைசியில் அதன் பழத்தைப் பறிப்பதுதான் இந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதம் மக்களுக்குப் புத்தாண்டின் தொடக்கம். தீப்பட்ட சரிவில் நடந்தால் அதைக் கிட்டத்தில் பாருங்கள். தலையில் பச்சை இருக்கும், பூகூட வைத்திருக்கும். அடியில் இடுப்புயரத்துக்கு மடிப்புகள் பழுப்பேறி, தோல் காய்ந்து, முட்கள் கருகிப் போயிருக்கும். பிழைத்துவிட்டது என்று நினைப்போம். அது சாகச் சில வருஷம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை மூண்ட காட்டுத்தீக்களில் 84 சதவீதம் மனிதரால் வந்தவை. அவற்றில் வேண்டுமென்றே வைத்தவை கொஞ்சம்தான். 2020 ஜூன் 13 அன்று புஷ் ஹைவேயும் 87ஆம் நெடுஞ்சாலையும் சேரும் இடத்தருகே ஒரு வண்டி தீப்பிடித்தது. சவாரோ ஏரிக்கும் சால்ட் ஆற்றுக் குதிரைகளைப் பார்க்கவும் நாம் போகும் அதே சாலை. அந்த ஒரு வண்டியிலிருந்து 1,93,000 ஏக்கர் எரிந்தது. ஆகவே கிளம்பும் முன் டயரில் காற்று பாருங்கள். படகோ டிரெய்லரோ இழுத்துப் போனால், சங்கிலி தரையில் உரசாமல் தூக்கிக் கட்டுங்கள், அதன் பொறி போதும். பார்க்கிங் நிரம்பிவிட்டது என்று காய்ந்த புல்லின்மேல் காரை ஏற்றாதீர்கள். புகைக்குழாயின் சூடே புல்லைப் பற்றவைத்துவிடும்.

அடுத்தது நம் பழக்கம் ஒன்று. சமைத்து முடித்ததும் கங்கின்மேல் மண்ணை அள்ளிப்போட்டு மூடிவிட்டு வருகிறோம். மண் தீயை அணைப்பதில்லை, சூட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. முகாம் அடுப்பு ஒன்றில் மேல்மண்ணைக் குச்சியால் கிளறியபோது உள்ளே கங்கு சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மூட்டியவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள், காற்று எழும்பிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அனுமதி உள்ள இடத்தில் மூட்டினாலும், தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சில்லென்று ஆனபிறகு கிளம்புங்கள். அவ்வளவு தண்ணீர் கையில் இல்லையென்றால் மூட்டவே வேண்டாம். டீயும் தோசையும் வேண்டுமென்றால், திருகினால் அணையும் கேஸ் அடுப்பு இருக்கிறது. பெரும்பாலான தடைகளின்போதும் அதற்கு அனுமதி உண்டு. சுற்றிலும் புல் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

புகையைப் பற்றியும் கொஞ்சம். ஜூனில் வெயிலுக்குப் பயந்து விடியற்காலை ஐந்து மணிக்கே ஏறத் தொடங்குகிறோம். தீ எரியும் நாட்களில் புகை அதிகமாகத் தேங்கி நிற்பதும் அந்த நேரத்தில்தான். இரவில் மலைக்காற்று குளிர்ந்து, ஓடைவழியே கீழே இறங்கும்போது புகையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது மேலே போகும், அதற்குள் நடக்க முடியாத வெயில் வந்துவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் நடையை ரத்து செய்துவிடுங்கள். காற்றின் தரத்தைக் காட்டும் ஏர்நவ் (AirNow) இணையதளத்தின் தீ, புகை வரைபடத்தை முந்தைய இரவும் காலையிலும் பாருங்கள். துணி முகக்கவசம் அந்த நுண்துகளைத் தடுக்காது, என்95 வேண்டும். வீசிங் உள்ள பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் "கொஞ்ச தூரம்தானே" என்று சொல்லி அழைத்துப் போக வேண்டாம். அப்புறம், எரியும் மலையைப் படமெடுக்க டிரோன் பறக்கவிடாதீர்கள். அது வானில் இருந்தால் தீயணைப்பு விமானங்கள் இறங்கியாக வேண்டும்.

தீ அணைந்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. வுட்பரி தீயில் செடிகள் போன சரிவில் அந்தச் செப்டம்பரிலேயே வெள்ளம் பாய்ந்தது. அந்த மலைப்பக்கமாகப் போகும் அப்பாச்சி டிரெயில் சாலையின் ஒரு பகுதியை மூடினார்கள், ஐந்து வருஷம் கழித்து 2024இல்தான் திறந்தார்கள்.

குழு நடத்துபவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மே கடைசியில் வரும் மெமோரியல் டே நீண்ட வாரயிறுதிக்கான முகாம் அறிவிப்பை எழுதும்போது "நெருப்பு கிடையாது" என்று முதல் வரியிலேயே போடுங்கள். உணவை வீட்டிலேயே சமைத்து எடுத்துவருவதாகத் திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையைக் கொழுக்கட்டைப் புல் பிடுங்க ஒதுக்குங்கள். சவாரோ தேசியப் பூங்காவில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அணில் வால் போன்ற கதிரைப் பார்த்ததும் நம்மில் கொங்குப் பக்கத்துக்காரர்கள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். கடப்பாரை போட்டு வேரோடு எடுத்து, கதிர் உதிராமல் பையில் கட்ட வேண்டும். கையுறையும் தண்ணீரும் கொண்டுவாருங்கள், கடப்பாரை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சாண்ட்லரிலிருந்து உங்களோடு மலையேறும் ஒருவர்