உன் கையில் இருந்த அந்தக் கறுப்பு மீன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடியதும் பாமணியாறு வற்றத் தொடங்கிவிட்டது. அறுப்பு முடிந்து உளுந்து முளைத்து நிற்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை பார்த்தேன். உன் பொக்லைன் வாளியிலிருந்து வடியும் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது. சாக்கடையா என்று அம்மா பயந்துவிட்டாள். இலையும் வேரும் ஊறி ஊறி வந்த நிறம் அது என்று சொன்னேன். அப்புறம் உன் உள்ளங்கையில் துள்ளிய அந்தக் கறுப்பு மீன், மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. விலங்கியல் வாத்தியாரிடம் காட்டினேன். பெட்டா பெர்செபோனியாக இருக்கலாம் என்றார். 1986-இல் பெயர் வைத்தார்களாம். நீ இருக்கும் மலேசியாவின் ஜொகூரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆயர் ஹீத்தாம் பக்கம்தான் அதற்கு ஊர். ஆயர் ஹீத்தாம் என்றாலே கறுப்புத் தண்ணீர் என்று நீதானே சொன்னாய்?

ஆண் மீன் நுரையில் கூடு கட்டி முட்டையைக் காக்குமாம். நம் குளத்தில் சிவப்புக் குஞ்சுகளுக்குக் காவலாகச் சுற்றிவந்த விரால் ஞாபகம் வந்தது. அந்தக் குஞ்சுகளைச் சட்டியில் அள்ளிவந்துவிட்டு, பெரிய மீன் தேடுகிறதே என்று நீயே அழுதுகொண்டு போய் அவற்றைத் திரும்பக் குளத்தில் விட்டாய். அப்போது உனக்கு ஏழு வயது.

தண்ணீர் வற்றினால் உன் கறுப்பு மீன் ஈரச் சருகுக்குள் கிடந்து பிழைக்கும், நம் குறவை சேற்றுக்குள் கிடப்பது போல. ஆனால் குறவைக்கு, மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12 என்று ஒரு நாள் இருக்கிறது, தண்ணீர் வரும். பாமாயில் தரும் செம்பனைக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த சதுப்புக் காட்டுக்கு யார் தண்ணீர் திறப்பார்கள்? ஆயிரக்கணக்கான வருடம் மக்கிச் சேர்ந்த மண் காய்ந்தால் விறகு மாதிரி எரியும். 2015-இல் சுமத்ராவில் அந்த மண் எரிந்த புகையில்தான் மலேசியாவில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

உன்மேல் குறை சொல்லவில்லை தம்பி. உன் சம்பளத்தில்தான் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். ஆனால் வீடியோவின் ஓரத்தில் இன்னும் வெட்டாத காடு கொஞ்சம் தெரிகிறது. அதைத் தொடாமல் வாய்க்காலைத் திருப்ப முடியுமா என்று சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மீன் ஆராய்கிறவர்களுக்கும் படத்தை அனுப்பு. தொட்டி மீன் விற்பவர்களிடம் மட்டும் இடத்தைச் சொல்லாதே.

அந்த மீனைத் திரும்ப அதே தண்ணீரில் விட்டாயா? மறக்காமல் எழுது.

அப்பா